ஹீட்டர் போடாத ஞாயிற்றுக்கிழமை

கொடைக்கானலில் தூண் பாறையைப் பார்க்க வந்தவர்கள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். எதிரே பனியைத் தவிர ஒன்றுமில்லை.

"பாறை எங்கங்க?" என்று மதுரையிலிருந்து வேனில் வந்த ஒருவர், அங்கே படம் எடுத்துக் கொடுக்கும் அருள்தாஸைக் கேட்டார்.

"உங்களுக்கு நேர் எதுத்தாப்புலதாங்க."

"ஒண்ணுமே தெரியலையே?"

"நேத்து இருந்துச்சுங்க. எங்கயும் போயிருக்காது."

வேன்காரர்கள் சிரித்தார்கள். ஆனால் யாரும் படம் எடுத்துக்கொள்ளவில்லை. தெரியாத பாறைக்கு முன்னால் நின்று எதற்குப் படம் என்று டீ குடித்துவிட்டு வண்டி ஏறினார்கள். அருள்தாஸ் கேமராவின் மேல் படிந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டே கடைக்குத் திரும்பினான்.

பார்வையிடத்துக்கு எதிரே இருந்த கடை வரிசையில் கடைசிக் கடை அவனுடையது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு ஸ்டூல். அவன் படம் எடுப்பான். அவன் மனைவி சத்தியபிரியா கையோடு அதைப் பிரிண்ட் போட்டுக் கொடுப்பாள். வைகாசியில் கல்யாணமானபோது தொழில் நன்றாகவே இருந்தது. ஐப்பசி பிறந்ததும் பனி இறங்கிவிட்டது. காலை பத்து மணிக்கு மேல் பாறை தெரிந்தாலே அதிசயம்.

அதனால்தான் திருப்பூரில் இருந்த அருள்தாஸின் அண்ணன் யோகேஷ் அவனுக்காக ஒரு பனியன் கம்பெனியில் வேலை பேசி வைத்திருந்தார். கார்த்திகை பிறந்ததும் வந்து சேரவேண்டும். தங்குவதற்குக் கம்பெனி ரூம், ஆண்கள் மட்டும்தான். மாதம் ஒருமுறை ஊருக்கு வரலாம். சத்தியபிரியா பெருமாள்மலையில், இப்போது இருக்கும் வீட்டிலேயே மாமியாருடன் இருக்கவேண்டியது.

"போயிட்டு வரட்டும். மலைல உக்காந்து பனியவா திங்க முடியும்?" என்று மாமியார் மகாராணி சொல்லிவிட்டாள்.

தினமும் காலையில் பைக்கில் அவன் பின்னால் உட்கார்ந்து, விறைத்துப்போன கைகளை அவனுடைய ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டு வரும் அந்தப் பாதை சத்தியபிரியாவுக்கு மிகவும் பிடிக்கும். வளைவுகளில் அவன் ஏதாவது சொல்லிக்கொண்டே வருவான். காற்றில் பாதிதான் கேட்கும். அவள் எல்லாவற்றுக்கும் "உம்" போடுவாள். அவன் போய்விட்டால் அதுவும் நின்றுபோகும். போகாதீங்க என்று சொல்ல ஒரு காரணம் வேண்டியிருந்தது. பிரியத்தையே காரணமாகச் சொல்லும் பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

ஒருநாள் ஒட்டன்சத்திரத்துக் குடும்பம் ஒன்று, "வந்ததுக்கு அடையாளமா பனியோடயே ஒண்ணு எடுங்க தம்பி" என்று நின்றது. அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தபோது சத்தியபிரியா சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு மரம் இல்லை, வேலி இல்லை, இன்னொரு ஆள் இல்லை. ஸ்டூடியோவில் வெள்ளைத் திரை கட்டி எடுத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

"ஏங்க, இங்க வாங்களேன். இவங்களை மட்டும் வெட்டி எடுத்து, பாறை தெரியற அன்னைக்கு நீங்க எடுத்த படத்து மேல வச்சா?"

அருள்தாஸ் குனிந்து பார்த்தான். "வைக்கலாம். ஆனா வெயில் படம் வேணாம். இவங்க மேல வெயிலே இல்லியே, பொய்யாத் தெரியும். மேகம் போட்ட அன்னைக்கு எடுத்தது ஒண்ணு இருக்கு, அத எடு."

அவள் வேலையை ஆரம்பித்தாள். கல்யாணம் முடிந்து வந்த புதிதில் அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டவளே அவள்தான். அதற்கு முன்னால் சுற்றுலா வந்தவர்களின் மெமரி கார்டிலிருந்து வாரத்துக்கு ஒரு வைரஸ் ஏறிக்கொண்டிருந்தது. கல்லூரியில் பி.சி.ஏ. படித்தபோது பழகிய லினக்ஸை, ஒரு பத்திரிகையோடு வந்த சி.டி.யிலிருந்து போட்டாள். படம் திருத்துவதற்கான கிம்ப் அதிலேயே இருந்தது. எல்லாம் இலவசம் என்று கேட்டு அருள்தாஸ் முதலில் நம்பவில்லை.

ஆனால் ஆட்களை வெட்டி எடுப்பது லேசான வேலையாக இல்லை. பறக்கும் முடி, சால்வைக் குஞ்சம், குழந்தையின் கம்பளிக் குல்லாய் என்று ஒவ்வோர் ஓரமாகப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. அவள் கடைசிக் குழந்தையின் காதுக்கு வந்தபோது, வேன் டிரைவர் ஹாரன் அடித்துக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் மகாராணி அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தாள். பெருமாள்மலை முக்கில் பழக்கடை வைத்திருந்த மகாராணிக்கு, வாடிக்கைக்காரர்கள் எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்பது நன்றாகத் தெரியும்.

"நல்லாத்தான் இருக்கு. வாங்க வேண்டிய ஆளுகளத்தான் காணோம். படம் மட்டும் கெடக்கு."

"வெரசா வெட்டத் தெரிஞ்சா போதும் அத்தே. பனி நாள்லயும் கடை ஓடும்."

"அப்ப வெட்டு," என்றாள் மகாராணி, மிகச் சுலபமாக.

மறுநாள் சத்தியபிரியா கொடைக்கானல் பிரவுசிங் சென்டரில் போய்த் தேடினாள். கிம்ப்பை எழுதுகிறவர்கள் புதிதாக ஒரு கருவி செய்துகொண்டிருப்பது தெரிந்தது. ஆளைச் சுற்றி உத்தேசமாக ஒரு வட்டம் போட்டு, ஆளின் மேல் தூரிகையால் இரண்டு கோடு இழுத்தால் போதும். எது ஆள், எது பின்னணி என்று அதுவே பிரித்துவிடும். ஆனால் அவளிடம் இருந்த கிம்ப்பில் அது கிடையாது. இன்னும் வேலை முடியாத, சோதனைக்காக மட்டும் வெளியிடப்பட்ட பதிப்பில்தான் இருந்தது. திடீரென்று நின்றுபோகலாம், அன்றாட வேலைக்கு நம்பவேண்டாம் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். சி.டி.யிலும் வராது. சோர்ஸ் கோடை, அதாவது அவர்கள் எழுதிய மூலத்தை, இறக்கிக்கொண்டு வந்து நம் கம்ப்யூட்டரிலேயே கம்பைல் செய்து, ஓடக்கூடிய நிரலாக மாற்றிக்கொள்ளவேண்டும்.

பென் டிரைவில் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வசதியாக இருக்கட்டும் என்று அருள்தாஸ் கம்ப்யூட்டரையும் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்தான். கம்பைல் செய்வதற்கு முன்னால் வேண்டியதெல்லாம் இருக்கிறதா என்று அது ஒருமுறை சோதித்துப் பார்க்கும். முதல் சோதனையிலேயே, இன்ன நூலகம், அதாவது கிம்ப் ஓடுவதற்கு வேண்டிய துணை நிரல்களின் தொகுப்பு, பழசாக இருக்கிறது, புதுசு வேண்டும் என்று சொல்லி நின்றுவிட்டது. மறுநாள் பஸ் ஏறிப்போய் அதை இறக்கி வந்தாள். அதைப் போட்டதும், அதற்கு இன்னொன்று வேண்டும் என்றது. அடுத்த நாள் அதையும் கொண்டு வந்தாள். இப்போது மூன்றாவதாக வேறொன்றைக் கேட்டது.

"எல்லாத்தையும் ஒரே தடவையாக் கேட்டுத் தொலைக்கக் கூடாதா?" என்று அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

"கடுகு வாங்கிட்டு வந்தப்புறம் சீரகம் இல்லைங்கறதும், சீரகம் வாங்கிட்டு வந்தப்புறம் பெருங்காயம் இல்லைங்கறதும்…" என்று அருள்தாஸ் மெல்ல ஆரம்பித்தான். "எங்கம்மாவே தேவலை போலருக்கு."

"ஏலே, என்ன சொன்ன?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"உன்னப் பாராட்டிட்டு இருக்கோம்மா."

"எனக்குக் காது நல்லாத்தான்டா கேக்குது. அந்தா, அந்தப் பூண்ட எடுத்துக் குடு."

சத்தியபிரியா தவறு செய்தது அதற்கு அடுத்த நாள்தான். பெருமாள்மலையில் அவர்கள் வீடு இருந்த குடியிருப்பில் எல்லாரும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். லயம் என்ற வரிசை வீடுகளில், காம்பரா என்ற ஒற்றை அறைக்குள் மொத்தக் குடும்பமும் இருந்து பழகியவர்கள். ஒரு புதுக் குடம் உள்ளே வரவேண்டுமென்றால் பழைய குடம் வெளியே போயாக வேண்டும். இரண்டையும் வைக்க இடம் கிடையாது. இங்கே வந்து இரண்டு அறை வீடு கட்டிக்கொண்ட பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. சத்தியபிரியாவும் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள். புது கிம்ப் வரப்போகிறது, புது நூலகங்கள் வரப்போகின்றன. யோசிக்காமல் பழையவற்றை எல்லாம் நீக்கினாள். வேறு சில நிரல்களுக்கும் அவை வேண்டும் என்று கம்ப்யூட்டர் எச்சரித்தது. பரவாயில்லை, புதுசுதான் வருகிறதே என்று கட்டாயப்படுத்தி நீக்கிவிட்டாள்.

புதுசு வரவில்லை. பாதியில் ஏதோ பிழை என்று நின்றது. பழைய நூலகங்களை நம்பித்தான் அந்தக் கம்ப்யூட்டரின் மெனு, ஜன்னல்கள், படம் காட்டும் நிரல் எல்லாமே இருந்தன. மறுபடி இயக்கியபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டும் வந்து நின்றன.

அருள்தாஸ் பின்னால் வந்து நின்றான். "எடுத்த படமெல்லாம் இருக்கா?"

"அதெல்லாம் பத்திரமா இருக்குங்க. ஆனா பிரிண்ட் போட முடியாது. எதையுமே தொறக்க முடியாது."

"சரி விடு. எப்படியும் பொதன்கெழமை நான் கெளம்புறேன்ல. கடைய அதுக்குள்ளயே மூடுனதா வச்சுக்குவோம்."

திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெள்ளை எழுத்துகளையே பார்த்தாள்.

மறுநாள் வெள்ளனே பிரவுசிங் சென்டருக்குப் போய், தமிழ்நாட்டு லினக்ஸ் பயனர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றில், செய்ததையெல்லாம் மறைக்காமல் எழுதினாள். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ யாராவது, முதலில் கையேட்டைப் படியுங்கள் என்று பதில் போடுவார்கள் என்று எதிர்பார்த்தாள். மதியம் அவள் வீடு திரும்பியபோது அருள்தாஸின் செல்போன் அடித்தது. கணீரென்று ஒரு பெண் குரல்.

"சத்தியபிரியாங்களா? நான் சுசித்ரா. குரூப்ல மெயில் பாத்தேனுங்க, கீழ உங்க நம்பர் இருந்துச்சு. நான் பழனிதாங்க, அடிவாரத்துல. சாமி படம் ஃபிரேம் போடற கடை எங்களது. மொட்டை போட்டு வர்றவங்களுக்குப் பின்னால மலையும் கோபுரமும் வச்சுக் குடுக்கறோம். நானும் கிம்ப்தான்."

மலைக்கு மேலே இவள், மலைக்கு அடியில் அவள். இருவரும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். சத்தியபிரியா மூக்கை உறிஞ்சினாள்.

"அழுவறீங்களாக்கும்?"

"இல்லக்கா… ஆமாக்கா."

"நல்லா அழுங்க, அப்பறம் சொல்றேன். பழசை எதுக்குங்க எடுத்தீங்க?"

"புதுசு வருதேன்னுதான்க்கா."

"புது மருமக வந்தா மாமியார வெளிய அனுப்பிருவீங்களா?"

சத்தியபிரியா ஓரக்கண்ணால் மகாராணியைப் பார்த்தாள். மகாராணி பூண்டு உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"புதுசுக்குத் தனியா ஒரு ஃபோல்டர் ஒதுக்கிருங்க," என்றாள் சுசித்ரா. "அதோட நூலகம் எல்லாம் அங்கயே இருக்கட்டும். புதுசைக் கூப்பிடறப்ப மட்டும் அங்க போய்த் தேடுன்னு ஒரு வரி எழுதி வச்சாப் போதும். பழசு அது பாட்டுக்கு அதோட எடத்துல இருக்கும். புதுசு கோவிச்சுக்கிட்டு நின்னுட்டாலும் பழசை வச்சு ஒப்பேத்திக்கலாம். மொதல்ல பழசைத் திரும்பப் போடுங்க. புதுசுக்கு என்னென்ன வேணுமோ மொத்தமும் எங்கிட்ட இருக்கு, ஒவ்வொண்ணா எப்படிப் போடறதுன்னும் எழுதி சி.டி.ல போட்டுத் தர்றேன். எப்படி அனுப்பறது?"

அதற்கு மகாராணி தலை நிமிராமலே பதில் சொன்னாள். "பழனி பஸ்ஸு நம்ம கடை முன்னாலதான நிக்குது. கண்டக்டர்ட்ட குடுக்கச் சொல்லு. பெருமாள்மலை மகாராணின்னா தெரியும்."

சனிக்கிழமை பஸ்ஸில் பார்சல் வந்தது. சி.டி.யோடு ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தையும் சுசித்ரா வைத்துக் கட்டியிருந்தாள். மலைப்பாதை வளைவுகளில் டப்பா மூடி திறந்துகொண்டது. சாயங்காலம் மகாராணி பளபளவென்ற சி.டி.யை மருமகளிடம் நீட்டினாள்.

"தட்டு ஒரே பிசுபிசுன்னு இருந்துச்சு. சோப்புப் போட்டுக் கழுவிக் காய வச்சுட்டேன்."

சத்தியபிரியா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சி.டி.யை டிரைவில் வைத்து, விளக்கு மினுக்மினுக்கென்று எரிவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஃபைலாக வந்தது. எல்லாமே நன்றாக இருந்தன.

"பின்ன? நான் கழுவுனா சுத்தமா இருக்காதா?" என்று கேட்டுவிட்டு மகாராணி பஞ்சாமிர்தத்தை வழித்துப் போட்ட கிண்ணத்தோடு போனாள்.

அன்றிரவு படுப்பதற்குள் பழைய கிம்ப் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சத்தியபிரியா புதுசுக்கான கம்பைலைத் தொடங்கினாள். சுசித்ரா எழுதியிருந்தபடி ஒன்றன்பின் ஒன்றாக நூலகங்கள், கடைசியில் கிம்ப். அவர்களுடைய பழைய கம்ப்யூட்டருக்கு நாள் முழுக்க வேலை. திரையில் எழுத்துகள் அருவி மாதிரி ஓடின.

எட்டு மணி இருக்கும். விளக்கு மங்கியது. கம்ப்யூட்டர் அணைந்து, தானாகவே மறுபடி உயிர் பெற்றது. யு.பி.எஸ். பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது.

"லோ வோல்டேஜ்," என்றான் அருள்தாஸ். "ஞாயித்துக்கெழமைல. எல்லா வீட்லயும் குளிக்க ஹீட்டர் கம்பியப் போட்டிருப்பாங்க."

விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்தான். தொடங்கினாள். மறுபடி விளக்கு மங்கியது, மறுபடி அணைந்தது. இப்போது டிஸ்க்கையே சரிபார்க்கவேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. இப்படியே போனால் நேற்றுப் போட்ட பழசும் கெட்டுவிடும் என்று பயந்து அவள் வேலையை நிறுத்தினாள்.

மகாராணி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனாள். ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது.

"வடிவு! ஏய் வடிவு! ஹீட்டரப் புடுங்கு."

"ஏன் மதினி? தலைக்கு எண்ணெய் வச்சுட்டேன், தண்ணி காயுது."

"எங்க மருமக பொட்டில ஒண்ணு சமைச்சிட்டு இருக்கா. கரண்டு எறங்குனா கெட்டுப்போயிரும். இன்னைக்கு ஒருநா வெறகடுப்புல தண்ணி வை."

"பொட்டில சமைக்கிறாளா? என்ன சமைக்கிறா?"

"எனக்கென்ன தெரியும்? வெந்து முடிஞ்சா எம்மவன் திருப்பூருக்குப் போகமாட்டான். அது தெரியும்."

அவ்வளவு நேரம் நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருந்த சத்தியபிரியா அருள்தாஸைத் திரும்பிப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். தான் போவதைப் பற்றி அம்மா அப்படி நினைத்திருக்கிறாள் என்று அவனுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று மகாராணியின் குரல் தூரம் போய்க்கொண்டே இருந்தது. சிவபாக்கியம் மிக்ஸியை நிறுத்திவிட்டு அம்மியைக் கழுவினாள். தங்கமுத்து, "இஸ்திரி போடாத சட்டையோட மாமனார் வீட்டுக்குப் போகச் சொல்றியா அத்த?" என்று கேட்டு, "இஸ்திரி போட்டாலும் ஒன்ன யாருலே பாக்கப் போறா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டான். சற்று நேரத்தில் எல்லா வீட்டுப் பின்கட்டிலிருந்தும் விறகுப் புகை எழுந்தது. விளக்கு பளிச்சென்று எரிந்தது. சத்தியபிரியா மறுபடி தொடங்கினாள். எழுத்து அருவி அதன் பிறகு ஒருமுறைகூட நிற்கவில்லை.

சாயங்காலம், வெந்துவிட்டதா என்று பார்க்க ஆட்கள் வந்துவிட்டார்கள். வடிவு, சிவபாக்கியம், குளிக்காத தங்கமுத்து. சத்தியபிரியா அந்தத் தனி ஃபோல்டரிலிருந்து புது கிம்ப்பைக் கூப்பிட்டாள். திறந்தது. பழசையும் கூப்பிட்டாள். அதுவும் திறந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"இத யாரு செஞ்சது?" என்று மகாராணி கேட்டாள்.

மெனுவில் அதற்கென்று ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. சத்தியபிரியா அதைத் திறந்தாள். செய்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தோன்றி மறைந்தன.

"இவ்வளவு பேரா? நம்ம பக்கத்து ஆளு யாரும் இருக்காங்களா?"

"எல்லாம் வேற வேற தேசம் அத்தே. ஒருத்தரையொருத்தர் பாத்திருப்பாங்களான்னே தெரியல."

"காசு?"

"வாங்கறதில்ல."

அவள் ஜன்னலை மூடப்போனாள். மகாராணி அவள் கையைப் பிடித்தாள்.

"இரு, முழுசாப் போகட்டும்."

வாயில் நுழையாத அந்தப் பெயர்களை எல்லாரும் நின்று பார்த்தார்கள். வடிவு ஏனோ சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். கடைசிப் பெயர் மறைந்ததும், "பிள்ளகுட்டியோட எல்லாரும் நல்லா இருக்கட்டும்," என்றாள் மகாராணி. அதற்குள் முதல் பெயர் மறுபடி வந்துவிட்டது.

திங்கட்கிழமை கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கென்று வானம் கழுவி விட்டாற்போல இருந்தது. பாறை உச்சி முதல் அடிவரை தெரிந்தது. கடைக்காரர்கள் எல்லாரும் சந்தோஷமாக இருக்க, இவர்கள் இருவர் மட்டும் அண்ணாந்து பனியைத் தேடினார்கள். வந்தவர்களோ தங்கள் கேமராவிலேயே எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்குத் திரும்பியபோது, மகாராணி மகனின் சட்டைகளை மடித்துப் பையில் அடுக்கி முடித்திருந்தாள்.

"புதன் காலைல பஸ்ஸு," என்றாள் யாரையும் பார்க்காமல்.

செவ்வாய்க்கிழமை காலையில் பைக்கில் போகும்போதே எதிரில் பாதை தெரியவில்லை. பனி அப்படி இறங்கியிருந்தது. அருள்தாஸ் ஏதோ சொன்னான். சத்தியபிரியாவுக்குக் கேட்கவில்லை, "உம்" போட்டாள்.

"என்ன உம்? சிரிக்கிறியான்னு கேட்டேன்."

"உம்."

முதலில் வந்தது பழனியில் முடி இறக்கிவிட்டுக் கொடைக்கானல் பார்க்க வந்த ஒரு குடும்பம். சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள், மேலே குல்லாய். பெரியவர் ஒருவர் வெள்ளை வேட்டி சட்டையில் இருந்தார். வழக்கம்போல, பாறை எங்கே என்று கேட்டார்கள்.

"பனில நில்லுங்க, படத்துல பாறையோட தர்றோம்," என்றான் அருள்தாஸ். "பாறைய வேற நாள்ல எடுத்ததுதாங்க. சொல்லிட்டேன்."

"பாறை அதேதான தம்பி? எடுங்க."

சத்தியபிரியா படத்தைத் திறந்து வட்டம் போட்டாள். ஆட்களின் மேல் கோடு இழுத்தாள். பின்னாலிருந்த பனி ஒரு நொடியில் பிரிந்தது. பாறையை வைத்தாள். குடும்பம் அப்படியே திரை முன்னால் குனிந்தது. அடுத்த கணம் பெரியவரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க! உங்க வேட்டியக் காணோம்!"

வெள்ளை வேட்டியையும் பனி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டது கருவி. பெரியவர் இடுப்புக்குக் கீழே பாறையாக நின்றார்.

"ஏம்மா, முடிய முருகனுக்குக் குடுத்தேன், சரி. வேட்டிய யாருக்குக் குடுத்த?"

கடை முழுவதும் சிரித்தது. வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். அருள்தாஸ் சத்தியபிரியாவின் தோளருகே குனிந்து, "வேட்டிக்கு மடிப்பு இருக்கு, நிழல் இருக்கு. பனிக்கு அது இல்ல. மடிப்பு மேலயே கோடு இழுத்துப் பாரு," என்றான் மெதுவாக. அவள் அப்படியே இழுத்தாள். வேட்டி திரும்பி வந்தது. கரைகூட வந்தது.

இரண்டாவது ஹாரனுக்குப் பிரிண்டர் ஓடத் தொடங்கியது. மூன்றாவது ஹாரனுக்கு அருள்தாஸ் வெளியே ஓடி வேன் முன்னால் நின்றான். "அண்ணே, ஒரே நிமிசம். வேட்டி இப்பத்தான் வந்துச்சு!" விஷயம் புரியாத டிரைவர் இறங்கி வந்து படத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தன்னையும் ஒன்று எடுக்கச் சொன்னார்.

வேட்டி காணாமல்போன கதை அடுத்த வண்டிகளுக்கும் எட்டிவிட்டது. வரிசையில் நின்ற ஒருவர், "என் பொண்டாட்டியக் காணாமப் பண்ண முடியுமா?" என்று கேட்டு முதுகில் ஓர் அடி வாங்கினார். நடுவில் ஒருமுறை புதுசு கோபித்துக்கொண்டு நின்றுபோனது. சத்தியபிரியா பதறவில்லை. பழசைத் திறந்து, அந்த ஒரு படத்துக்குக் கையாலேயே ஓரம் வெட்டி முடித்தாள். பிறகு புதுசை மறுபடி கூப்பிட்டாள். மதியம் சுசித்ராவுக்குப் போன் செய்து வேட்டிக் கதையைச் சொன்னபோது, அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"எங்களுக்கு இங்க பனி எங்கீங்க? நீங்க குடுத்து வச்சவங்க," என்றாள் சுசித்ரா.

பனியைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொல்லி அவர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் இருவரும் பைக்கில் திரும்பினார்கள். இன்று ஒருநாள் நன்றாக ஓடியது. ஆனால் அண்ணனிடம் கொடுத்த வாக்கு இருக்கிறது, அம்மா பையைக் கட்டி வைத்திருக்கிறாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய அருள்தாஸ் அப்படியே நின்றுவிட்டான்.

வீட்டுக்கு முன்னால் கட்டியிருந்த கொடி முழுக்க அவனுடைய சட்டைகள். பேண்ட், பனியன், போர்வை, ஒன்று விடாமல் நனைந்து தொங்கின. பை காலியாக, திறந்தபடி சுவரோரம் கிடந்தது. மகாராணி கடைசி லுங்கியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா இது? நாளைக்குக் காலைல பஸ்ஸு."

"அழுக்கா இருந்துச்சு."

"தொவச்சுத்தான பைல வச்ச?"

"ஒழுங்கா அலசல."

"இந்தப் பனில எப்படிம்மா காயும்?"

"காயாது. ஒரு வாரம் ஆகும். பத்து நாள்கூட ஆகும்." மகாராணி லுங்கியை உதறினாள்.

சத்தியபிரியா பையை எடுத்துத் தூசி தட்டினாள். "நீங்க எப்பத்தே தொவச்சீங்க? கடைல எப்படி ஓடுச்சுன்னு நாங்க இன்னும் சொல்லவே இல்லியே?"

"காலைலயே. நீங்க போனதும் பனி எறங்குறதப் பாத்தேன். எம்மருமகளுக்குச் சோலி வந்துருச்சுன்னு ஊற வச்சுட்டேன். மசமசன்னு நிக்காம இந்த முனையப் பிடி."

சத்தியபிரியா லுங்கியின் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் முறுக்கினார்கள். தண்ணீர் சொட்டியது. மாமியாருக்கு நன்றி சொல்லவேண்டும் போலிருந்தது. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இன்னும் இறுக்கமாக முறுக்கினாள். பிறகு, முறுக்கிக்கொண்டே, அருள்தாஸைப் பார்த்து, "போகாதீங்க," என்றாள். அத்தனை நாள் வாய்க்குள் இருந்த சொல் மாமியாருக்கு முன்னாலேயே வெளியே வந்துவிட்டது.

மகாராணி காதில் விழாத மாதிரி கொடியைச் சரிசெய்தாள்.

அருள்தாஸ் செல்போனை எடுத்தான். திருப்பூரில் யோகேஷ் எடுத்தவுடன், எத்தனை மணி பஸ் என்று கேட்டது மூன்று பேருக்குமே கேட்டது. அருள்தாஸ் ஒருமுறை கொடியைப் பார்த்தான், ஒருமுறை மனைவியைப் பார்த்தான்.

"அண்ணே, மன்னிச்சிருங்கண்ணே, நான் வரலை," என்றான். "எங்கிட்ட ஒரு சட்டைகூட காயலண்ணே."